ஊத்துப்பாறை விலக்கில் நடந்தது என்ன?

தம்பி செத்த செய்தியைக் கோமதி தன் அலுவலகத் திரையில்தான் படித்தாள். ஊரிலிருந்து யாரும் போன் போட்டுச் சொல்வதற்கு முன்பே அது அவள் மேசைக்கு வந்துவிட்டது. செய்தித் தளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கிடைக்கும் சலுகைகளில் இதுவும் ஒன்று.

கிண்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது 'ஊர்க்கண்' அலுவலகம். அங்கே அவள் துணை ஆசிரியர். பெயர்தான் ஆசிரியர். ஊர்க்கண்ணில் மனிதர்கள் செய்தி எழுதுவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகிவிட்டன. நிருபர் ஒரு வரியோ இரண்டு வரியோ அனுப்புவார். அதற்கு வேர் என்று பெயர். அந்த வேரிலிருந்து, படிக்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு செய்தியை இயந்திரம் எழுதிக் கொடுக்கும். அது கிளை. கோபக்காரனுக்குக் கோபமான கிளை, பயந்தாங்கொள்ளிக்குப் பயமுறுத்தும் கிளை, எதைப் படித்தாலும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்களுக்கு அதற்குத் தோதான ஒன்று. எதைப் போட்டால் ஒரு ஆள் கடைசி வரி வரைக்கும் படிப்பார் என்பது இயந்திரத்துக்கு அத்துப்படி. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே செய்தியை ஒரே மாதிரி படித்த காலமெல்லாம் மலையேறிவிட்டது.

கிளை வேருக்கு மாறாகப் பேசாமல் பார்த்துக்கொள்வதுதான் கோமதியின் வேலை. மூன்று பேர் செத்ததாக வேர் சொன்னால் கிளை முப்பது பேரைக் கொல்லக் கூடாது. ஆரம்பத்தில் சந்தேகத்துக்கிடமான வரிகள் அவள் திரையில் வண்டி வண்டியாக வந்து குவிந்தன. சாப்பிடக்கூட எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கூட்டத்தில் அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "நம்ம நிருபர்கள் காலங்காலமா செய்றதுதானே. வரி முடிவுல 'கூறப்படுகிறது'ன்னு இருந்தா அதைச் சோதிக்க வேண்டாம், விட்டுடலாம். நாம சொல்லலையே, யாரோ சொன்னதாத்தானே சொல்றோம்." எல்லோரும் கை தட்டினார்கள். அன்று மத்தியானம் அவள் நிதானமாகச் சாப்பிட்டாள்.

தம்பியின் செய்தி வந்த அன்றைக்கும் சாப்பாட்டு நேரம்தான். 'வேர்' என்று தலைப்பிட்ட கட்டத்தைத் திறந்தாள். சங்கரன்கோவில் அருகே ஊத்துப்பாறை விலக்கில் அரைநாள் வகுப்பு முடிந்து வந்த பள்ளி வேன் குளத்தில் கவிழ்ந்தது என்றும், ஓட்டுநர் ஆவுடையப்பனும் கடைசியாக இறங்க வேண்டிய மாணவி யாழினியும் பலி என்றும் இருந்தது. குறுக்கே மொபெட்டில் வந்த ஒரு பெண்ணின் மேல் மோதாமல் இருக்க ஓட்டுநர் வேனைத் திருப்பியதாகவும் இருந்தது.

ஆவுடை அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன வீட்டில் அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவள். பையை எடுத்துக்கொண்டு அப்படியே ஊருக்குக் கிளம்பினாள். ஆனால் அந்த வேளையிலும், 'ஒருத்தியைக் காப்பாத்தப் போயித்தான் செத்திருக்கான்' என்ற ஒரு நினைப்பு அவளைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டது. சங்கரன்கோவில் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அதையே பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

காரியங்கள் முடிந்த பிறகுதான் கல் விழ ஆரம்பித்தது.

ஆவுடையின் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கல் விழுந்தால் வீடு முழுக்க அதிரும். தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்து வீரிடும். அவன் மனைவி முப்பிடாதி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டின் மூலைக்குப் போய் நிற்பாள். கல் எறிகிற பையன்களை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். எல்லாம் அடுத்த தெருப் பையன்கள், யாழினியின் சொந்தக்காரப் பையன்கள். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போகச் சொல்லிச் சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள்.

"மதினி, பள்ளிக்கூடத்துக்காரன் மொட்ட டயர மாத்தாம ஓட்டச் சொன்னதுதான் காரணம்னு தெள்ளத் தெளிவாப் போட்டிருக்காக. இவனுக அதப் படிக்கவே மாட்டேங்கானுக" என்றாள் முப்பிடாதி.

"டயரா?" கோமதி நிமிர்ந்தாள். "மொபெட்ல ஒரு பொம்பள குறுக்க வந்தாள்லா?"

"மொபெட்டா? அது யாரு?"

இரண்டு பேரும் போனை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். இரண்டும் ஊர்க்கண். இரண்டிலும் ஆவுடையின் அதே படம். முப்பிடாதியின் போனில் டயர் வெடித்தது. கோமதியின் போனில் டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. குடிதண்ணீர் கொண்டுவந்து வைத்த பக்கத்து வீட்டுக்காரர் பரமசிவம் எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"ஏங்கிட்ட உள்ளதுல வேற மாதிரிலா இருக்கு" என்றார். போனை நீட்டினார். அதில் ஆவுடை மூக்கு முட்டக் குடித்திருந்தான்.

கிளைகள் ஆளுக்கு ஆள் மாறும் என்பது கோமதிக்குத் தெரியாத விஷயமா? சம்பளமே அதற்குத்தான் வாங்கினாள். ஆனால் திரையில் ஆயிரம் கிளைகளைப் பார்ப்பது வேறு. தம்பி மூன்று விதமாகச் செத்துக் கிடப்பதை ஒரே பாயில் உட்கார்ந்து பார்ப்பது வேறு. 

ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டாள். ரத்தப் பரிசோதனை முடிவு வர மாசக்கணக்காகும் என்றார்கள். ஆவுடை குடிக்கவே மாட்டான் என்று யார் தலையிலும் அடித்துச் சத்தியம் பண்ண அவளால் முடியாது. ஆடித்தபசுத் திருவிழாவில் குடித்துவிட்டுக் கோயில் வாசலில் கிடந்திருக்கிறான். வேனில் பிள்ளைகள் இருக்கும்போது குடிப்பவன் இல்லை என்றுதான் அவள் நினைத்தாள். அது நினைப்புதான். ஆனால் கையில் ஒன்று இருந்தது. வேரையே அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதில் மொபெட் இருந்தது. அந்த வேரை எடுத்து ஊர் முன்னால் வைத்துவிட்டால் கல் நின்றுவிடும்.

ஊர்க்கண்ணில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அப்சல் அகமதுவுக்குப் போன் போட்டாள்.

"அப்சல், வேன் செய்தியோட வேரை எனக்கு அனுப்புப்பா. அதுல மொபெட் பொண்ணு இருக்கா. அப்புறம் எப்படி மத்தவங்களுக்கு டயரு, குடின்னு போகுது?"

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "மேடம், வேர்ல மொபெட்டே இல்லையே."

"நான் பார்த்தேன்ப்பா."

"எங்க பார்த்தீங்க, உங்க எடிட்டர் ஸ்கிரீன்லயா?" அப்சல் கொஞ்சம் இழுத்தான். "மேடம், அதுலயும் இப்ப கிளைதான் வருது. போன வருஷமே மாத்திட்டோம். வெறும் வேரைக் காட்டினா எடிட்டருங்க உடனே மூடிட்டுப் போயிடுறாங்க, ஸ்கிரீன்ல உட்கார மாட்டேங்கிறாங்கன்னு மேல சொன்னாங்க. எல்லாருக்கும் மெயில் அனுப்பினோமே."

அனுப்பியிருப்பார்கள். அலுவலக மெயிலை யார் படித்தார்கள்?

"அப்ப நான் ஒரு வருஷமா எதை எதோட வச்சு சரிபார்த்துக்கிட்டிருக்கேன்?"

"கிளையைக் கிளையோட" என்றான் அப்சல். அவனுக்கே அது சங்கடமாக இருந்தது.

"எனக்கு ஏன் மொபெட் பொண்ணு வந்தா?"

"உங்க போன்ல அவர் நம்பரைத் தம்பின்னு வச்சிருந்தீங்கல்ல மேடம். அவர் மேல தப்புன்னு எழுதினா நீங்க பாதியில மூடிடுவீங்க. நல்லவர்னு எழுதினா முழுசாப் படிப்பீங்க. அது அதை மட்டும்தான் பார்க்கும். அதுக்கு நல்லெண்ணமும் கிடையாது, கெட்ட எண்ணமும் கிடையாது."

பஸ்ஸில் ராத்திரி முழுக்க எதைப் பிடித்துக்கொண்டு வந்தாளோ அது, அவள் கடைசி வரைக்கும் படிக்க வேண்டும் என்பதற்காகச் செய்து கொடுத்த பொருள். கோமதிக்கு அழுகைகூட வரவில்லை. அசிங்கமாக இருந்தது.

உண்மையான வேரை அப்சல் வாசித்தான். பள்ளி வேன் குளத்தில் கவிழ்ந்தது, இருவர் பலி. இடம், பெயர்கள். முற்றுப்புள்ளி. அதை அனுப்பியவர் தென்காசி நிருபர் பிரான்சிஸ். அவருக்கும் போன் போட்டாள்.

"நான் எங்க மேடம் போனேன்? மூணு மாவட்டத்துக்கு ஒத்த ஆளு. போலீஸ் வாட்ஸப் குரூப்ல வந்துச்சு, அப்படியே தட்டி விட்டேன்."

"வேற தளத்துக்காரங்க யாராவது போனாங்களா?"

"யாரு போவா? எல்லாரும் அதே குரூப்லதான இருக்கோம்" என்றார் பிரான்சிஸ்.

*

எனவே கோமதியே போனாள். செய்தித் தொழிலில் இத்தனை வருடம் இருந்து, ஒரு செய்தி நடந்த இடத்துக்கு அவள் நேரில் போவது அதுதான் முதல் தடவை. மேசையிலேயே தலை நரைத்துவிட்டது.

ஊத்துப்பாறை விலக்கு என்பது ஊருக்குள் ரோடு பிரியும் ஒரு வளைவு, ஒரு டீக்கடை, ஒரு வேப்பமரம், அதை ஒட்டிக் குளம். அவ்வளவுதான். வேனை வெளியே இழுத்த கிரேன் கரையைக் குதறிப் போட்டிருந்தது. ரோட்டில் டயர்த் தடம் ஏதாவது இருக்குமா என்று பார்த்தாள். கிராவல் லாரிகள் ஓடி ஓடி எல்லாம் ஒரே புழுதியாகிக் கிடந்தது.

டீக்கடைக்காரர் மாடசாமியிடம், தான் ஊர்க்கண்ணிலிருந்து வருவதாக மட்டும் சொன்னாள்.

"நான் இந்தா இந்தப் பாய்லர் பக்கத்துலதான் நிக்கேன். கண்ணால பாத்தேன்" என்றார் அவர். "வேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடிக்கிட்டே வந்துச்சு. ஓட்டுநர் மதுபோதையில் தாறுமாறாக வாகனத்தை இயக்கியதாகக் கூறப்படுகிறது."

கோமதி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கிண்டல் பண்ணவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, வாழ்நாளெல்லாம் அப்படித்தான் பேசுகிறவர்போலச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குச் சர்க்கரை போடலாமா வேண்டாமா என்று கேட்டார்.

வேப்பமரத்தடியில் குருவம்மா என்ற பெண் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். அவளும் அன்றைக்கு அங்கேதான் இருந்தாள்.

"டமார்னு சத்தம் கேட்டுச்சு தாயீ. திரும்பிப் பாத்தா வேனு பாயுது. பச்சப் பிள்ள கத்துன கத்து இன்னும் காதுக்குள்ள கெடக்கு. டயர் வெடிச்சுப் போச்சு. பள்ளி நிர்வாகத்தின் அலட்சியப் போக்கே விபத்துக்குக் காரணம் எனக் கூறப்படுகிறது."

"அந்தச் சத்தம் டயர் வெடிச்ச சத்தமா, வேன் கரையில முட்டின சத்தமா?"

குருவம்மா யோசித்தாள்.

"போன்ல படிக்கதுக்கு முந்தி, அன்னைக்கு அந்த நிமிசம், நீங்க என்ன பாத்தீக? அத மட்டும் சொல்லுங்கக்கா. சத்தம் மொதல்ல கேட்டுச்சா, வேன் மொதல்ல திரும்புச்சா?"

குருவம்மா குளத்தைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். உதடு ஏதோ சொல்ல வந்து நின்றுவிட்டது. கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் முயற்சி பண்ணினாள், பாவம். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள்.

"இருங்க தாயீ, பாத்துச் சொல்லுதேன்" என்றாள்.

கோமதி இரண்டு கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். வேன் கவிழ்ந்ததைப் பார்த்த கண்கள் இந்த உலகத்தில் இருந்தவை நான்கைந்துதான். அவற்றையும் போன் போய்ச் சேர்ந்து துடைத்துவிட்டது. இனி அங்கே என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் கிடையாது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால்கூட அதுவும் ஒரு வேராகத்தான் உள்ளே போகும். அதிலிருந்தும் கிளைதான் வெளியே வரும்.

*

யாழினியின் அப்பா காளிராஜ் விசைத்தறி ஓட்டுகிறவர். தெரு முழுக்கத் தறிச் சத்தம் தடதடத்துக்கொண்டிருந்தது. அவர் வீட்டில் மட்டும் தறி நின்றிருந்தது. கோமதி வாசலில் நிற்பதைப் பார்த்ததும் உள்ளே இருந்த பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். அவள் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"உக்காருங்க" என்றார் காளிராஜ். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது.

"தம்பி..." என்று அவரைக் கூப்பிட்ட கோமதி அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

"பையனுக கல்லெறியறானுகன்னு சொல்ல வந்தீகளா?"

"அதுவும்தான்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் வெளிய போறதே இல்ல. செல்போன அந்தப் பரண்ல தூக்கிப் போட்டுட்டேன். தொறந்தா அவ மூஞ்சிதான் மொதல்ல வரும்." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஆளாளுக்கு வந்து ஒண்ணொண்ணு சொல்லுதாக. குடிங்கான் ஒருத்தன். டயருங்கான் ஒருத்தன். போன நோண்டிக்கிட்டே ஓட்டுனான்னு எம் மச்சினன் சொல்லுதான். எல்லாரும் பக்கத்துல நின்னு பாத்த மாதிரியே சொல்லுதாக. நீங்க பத்திரிகைக்காரவுக. எம் பிள்ள எப்படிச் செத்தா? நீங்களாவது உள்ளதச் சொல்லுங்க."

சொல்வதற்கு அவளிடம் ஒரு கதை தயாராக இருந்தது. மொபெட், அதில் ஒரு பெண், அவளைக் காப்பாற்றத் திருப்பிய தம்பி. இந்த மனுசன் போனே பார்க்காதவர். நம்பிவிடுவார். கல் நின்றுவிடும், முப்பிடாதி நிம்மதியாகப் பிள்ளையைத் தூங்க வைக்கலாம். ஒரு நிமிடம் அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியல" என்றாள் கோமதி. "நான் அந்த எடத்துக்கும் போய்ப் பாத்துட்டேன். யாருக்கும் தெரியல. எங்க ஆளு ஒருத்தரும் அன்னைக்கு அங்க வரல. நாங்க போட்டது பூராவும் மிஷினு எழுதுனது. எந்தம்பி குடிச்சிருந்தானா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது."

காளிராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அழுதார். பெண்கள் உள்ளேயிருந்து ஓடி வந்தார்கள். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத்தன பேரு வந்துட்டாக" என்றார். "தெரியலன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

அன்று சாயங்காலம் காளிராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு ஆவுடையின் வீட்டு வாசலுக்கு வந்தார். பையன்கள் கூடி நின்றார்கள். "ஏல, போங்கல வீட்டுக்கு. செத்தது எம் பிள்ள. நானே ஒண்ணும் சொல்லல, ஒங்களுக்கு என்னல?" என்றார். முனகிக்கொண்டே கலைந்து போனார்கள். முப்பிடாதி கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். போகும்போது காளிராஜ் உள்ளே எட்டித் தொட்டிலைப் பார்த்துவிட்டுப் போனார்.

கோமதிக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஒரு மனுசனிடம் சொன்ன உண்மை இவ்வளவு செய்யுமானால், எல்லோரிடமும் சொன்னால் என்ன? உட்கார்ந்து எழுதினாள். வேர் கட்டத்தில் நேரடியாக ஏற்றும் அனுமதி துணை ஆசிரியர்களுக்கு இன்னும் இருந்தது. யாரும் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

'ஊத்துப்பாறை விலக்கில் வேன் எப்படிக் கவிழ்ந்தது என்று ஊர்க்கண்ணுக்குத் தெரியாது. எங்கள் நிருபர் யாரும் அங்கே போகவில்லை. குடி, டயர், மொபெட் என்று நாங்கள் வெளியிட்டவை அனைத்தும் இயந்திரம் இட்டுக்கட்டியவை. இதை எழுதுகிற நான் இறந்த ஓட்டுநரின் அக்கா. எனக்கும் தெரியாது. - கோமதி.'

அப்சலுக்குப் போன் போட்டு, ஏறிவிட்டதா என்று கேட்டாள்.

"ஏறிடுச்சு மேடம். வேலை போயிடும், தெரியும்ல?"

"போகட்டும்."

"இதுவும் வேர்தானே மேடம். இதுலேர்ந்தும் கிளை வருமே."

"வரட்டும். தெரியாதுன்னு இவ்வளவு பட்டவர்த்தனமா எழுதியிருக்கேன். வேருக்கு மாறா எழுதக் கூடாதுன்னு விதி இருக்குல்ல?"

"விதி இருக்கு மேடம்..." என்றான் அப்சல். மேலே ஏதோ சொல்ல வந்தான். அவள் போனை வைத்துவிட்டாள். அன்று கல் விழவில்லை. சங்கரன்கோவிலுக்கு வந்த பிறகு அவள் அசந்து தூங்கியது அன்றைக்குத்தான்.

*

விடிந்ததும் முப்பிடாதி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மதினி, படிச்சேன். இத்தன நாளு ஒரு ஆளு வாயத் தொறந்து சொல்லலியே. பள்ளிக்கூடத்துக்காரன் டயர மாத்தாததுதான் காரணம்னு ஒங்க பேரப் போட்டே எழுதிட்டீகளே. அவுக ஆத்துமா இனிமே குளுந்துரும்."

கோமதி அவளை விலக்கி நிறுத்தினாள். "நான் எங்கடி டயர்னு எழுதுனேன்?"

முப்பிடாதி போனைக் காட்டினாள். கோமதியின் படம், கோமதியின் பெயர். தம்பியின் வேனில் தேய்ந்த டயர்கள் இருந்ததை அக்காவே நேரில் கண்டதாகக் கூறப்படுகிறது.

அந்தச் சொல்லைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது. வரி முடிவில் அது இருந்தால் சோதிக்க வேண்டாம், விட்டுவிடலாம். அவள் வாயால் சொன்னது. கூட்டமே கை தட்டியது. விதி அப்படியே இருந்தது, அதில் கதவைத் திறந்து வைத்ததும் அவளேதான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. காளிராஜ் வந்து நின்றார். பின்னால் அவர் மச்சினனும் நேற்றைய பையன்களும். காளிராஜ் கையில் போன் இருந்தது. பரணிலிருந்து இறக்கி யாரோ சார்ஜ் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள்.

"எம் மச்சினன்தான் எடுத்துக் குடுத்தான், அந்த அக்காவே எழுதியிருக்காகன்னு" என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "நேர்ல சொல்ல ஒங்களுக்கு வாய் வரலபோல. எழுத்துல சொல்லிட்டீக."

"தம்பி, நான் அப்படி எழுதல. என்ன போட்டிருக்கோ அது நான் எழுதுனது இல்ல."

அவர் போனை நீட்டினார். யாழினியின் முகத்துக்கு மேலே செய்தி விரிந்திருந்தது. அதிலும் கோமதியின் படம். தம்பி அன்று காலையிலிருந்தே குடித்திருந்தது தனக்குத் தெரியும் என்று அக்கா கண்ணீர் மல்க ஒப்புக்கொண்டதாகக் கூறப்படுகிறது. அந்தக் குழந்தையின் தகப்பனிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றும் அவர் தெரிவித்ததாகக் கூறப்படுகிறது.

"நேத்து நான் ஒங்கள நம்பி வந்து இந்த வாசல்ல நின்னேன்" என்றார் காளிராஜ். "எம் பிள்ளைக்கு விரோதமா நின்னிருக்கேன்."

"இருங்க, ஒரு நிமிசம். நான் எழுதுனத நானே காட்டுதேன்" என்று கோமதி உள்ளே ஓடித் தன் போனை எடுத்து வந்தாள்.  ஊர்க்கண்ணைத் திறந்தாள். தன் பெயர் போட்ட செய்தியைத் தட்டினாள். தெரியாது என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாளே, ஒரு தடவையாவது மிச்சம் இருக்காதா?

எழுத்துகள் வந்தன. அவள் படித்தாள். படித்துக்கொண்டே நின்றாள். காளிராஜ் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் போனைக் காட்டவில்லை என்றதும் அவருக்கு அதுவே பதிலாகிவிட்டது.

"இனிமே பையனுகள நான் தடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பையன்கள் போகவில்லை. ஒருவன் குனிந்தான்.

முப்பிடாதி தொட்டிலை நோக்கி ஓடினாள். கோமதி வாசல் நடுவில் போனைப் பிடித்தபடியே நின்றாள். அதில் மிக அழகாக எழுதியிருந்தது. நடந்ததை மனம் திறந்து கூறிய அக்காவின் நேர்மையால் ஊர் மக்கள் நெகிழ்ந்துபோனார்கள். குழந்தையை இழந்த தந்தை காளிராஜ் இன்று காலை ஓட்டுநரின் வீட்டுக்கே வந்து, தொட்டிலில் இருந்த குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார். இரு குடும்பத்தாரும் சமாதானமாகிவிட்டதாகக் கூறப்படுகிறது.

அவள் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். கூரையில் முதல் கல் விழுந்தது.